பாதிப் படியில் ஏன் நின்றீர்கள்?

கேள்வி: எனக்கு 44 வயது. எடை 112 கிலோ, உயரம் 156 சென்ரிமீற்றர். 9 வருடமாகச் சீனி வருத்தமும் பிரஷரும் உண்டு. எடை குறைக்கும் ஒப்பரேஷனுக்காகக் கண்டிக்குப் போனேன். ஈசிஜி, எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்த பிறகும் இதய டொக்டரைப் பார்க்கச் சொல்கிறார்கள். என் இதயத்தில் ஏதோ இருக்கிறது, என்னிடம் மறைக்கிறார்களோ என்று தூக்கமே வருவதில்லை. மயக்க மருந்து கொடுத்ததும் இதயம் நின்றுபோனவர்களைப் பற்றி யூடியூப்பில் பார்த்தேன். ஒப்பரேஷனே வேண்டாம் என்று விட்டுவிடவா?
– ஆசிரியை, தலவாக்கலை

பதில்: யாரும் எதையும் மறைக்கவில்லை, டீச்சர். உயரத்துக்கு எடை எவ்வளவு கூடுதல் என்று காட்டும் பிஎம்ஐ கணக்கு உங்களுக்கு 46. அதோடு சீனியும் பிரஷரும் இருக்கும் ஒருவரை, இதயத்தைப் பார்க்காமலே மேசையில் ஏற்றும் டொக்டர் கிடைத்திருந்தால் நானே உங்களை ஓடி வரச் சொல்லியிருப்பேன். மறைத்தது நீங்கள்தான். கடிதத்தின் மூன்றாம் பக்கத்து அடியில், பிள்ளைகளின் பரீட்சைக்கும் மழைக்கும் நடுவில், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: ரோட்டிலிருந்து பாடசாலைக்கு ஏறும் படியில் இரண்டு மாதமாகப் பாதியில் நிற்க வேண்டியிருக்கிறது, நெஞ்சு இறுக்குகிறது, தாடை கனக்கிறது, நின்றால் ஐந்து நிமிடத்தில் போய்விடுகிறது, "கேஸ்ட்ரைட்டிஸ்தானே".

கேஸ்ட்ரைட்டிஸுக்குப் படியும் தெரியாது, சமதரையும் தெரியாது. சாப்பாட்டுக்கு முன்னோ பின்னோ அது தன் பாட்டுக்கு எரியும். ஏறும்போது வந்து நிற்கும்போது போகிற இறுக்கம், அதுவும் 9 வருடம் சீனி உள்ள பெண்ணுக்குப் புதிதாக வந்தது, வேறு காரணம் நிரூபணமாகும் வரை இதய நாளத்து அடைப்புத்தான். நம் நாட்டில் நெஞ்சில் எது வந்தாலும் கேஸ்ட்ரைட்டிஸ் என்று பெயர் வைத்து இஞ்சித் தேத்தண்ணி குடித்துவிட்டுப் படுக்கும் பழக்கம் எத்தனை பேரைப் பிந்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருக்கிறது என்பதை எந்த வார்ட்டில் கேட்டாலும் சொல்வார்கள். சீனிக்காரர்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிற சினிமா வலி வராமலே போகலாம். மூச்சு வாங்கும், தாடையோ தோளோ கனக்கும், காரணமில்லாமல் வியர்க்கும். அவ்வளவுதான்.

"ஈசிஜி நோர்மல் என்றார்களே" என்கிறீர்கள். கட்டிலில் படுத்திருக்கும்போது எடுத்த ஈசிஜி அது. கொழுந்து லொறி ஸ்டோர் வாசலில் நிற்கும்போது எஞ்சின் நன்றாகத்தான் சத்தம் போடும். றம்பொடை ஏற்றத்தில்தான் அதன் லட்சணம் தெரியும். நாளம் பாதிக்கு மேல் அடைபட்டவருக்கும் ஓய்வில் எடுக்கும் ஈசிஜி சுத்தமாக இருக்கலாம், எக்கோவும் நன்றாக இருக்கலாம். அதனால்தான் மயக்க மருந்து டொக்டர், இரண்டு மாடிப் படியை நிற்காமல் ஏறுவீர்களா என்று கேட்கிறார். அது சுகம் விசாரிக்கிற கேள்வியல்ல. ஏற முடிந்தால் ஒப்பரேஷன் கொடுக்கும் சுமையை உங்கள் இதயம் ஓரளவு தாங்கும் என்று கணக்கு. முடியாவிட்டால் இதயத்தை வேலை வாங்கிப் பார்க்கும் பரிசோதனையை யோசிப்பார்கள். ட்ரெட்மில் ஒரு வழி. முழங்கால் வலியோ எடையோ அதற்கு இடம் கொடுக்காதவர்களுக்கு, ஊசி மருந்தால் இதயத்தை வேகப்படுத்தி எக்கோ பார்ப்பது இன்னொரு வழி. அந்தக் கேள்விக்கு நீங்கள் கண்டியில் "ஏறுவேன்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறீர்கள். ஒப்பரேஷன் தள்ளிப்போய்விடும் என்ற பயம். பொய்ப் பதிலின் மேல் எடுத்த முடிவு எப்படிச் சரியாகும்?

இன்னொன்று. பிரஷருக்குக் கொடுத்த அட்டெனோலோலை, "நாடித் துடிப்பைக் குறைத்துவிடும்" என்று போனில் படித்துவிட்டு நீங்களே நிறுத்தியிருக்கிறீர்கள். துடிப்பைக் குறைப்பதுதான் அதன் வேலை! அடைப்பு உள்ளவர் அதைத் திடீரென்று விட்டால் நெஞ்சு இறுக்கம் கூடும், மாரடைப்புக்கே கொண்டுபோய்விடலாம். மாத்திரையை விட்டது தீபாவளிக்குப் பிறகு, படியில் நிற்கத் தொடங்கியதும் ஏறக்குறைய அப்போதுதான் என்று உங்கள் கடிதமே சொல்கிறது. சேர்த்துப் பார்க்க உங்களுக்குத் தோன்றவில்லை. இப்போது பயந்து பழைய அட்டையைத் தேடியெடுத்து நீங்களாகவே மறுபடி தொடங்கவும் வேண்டாம். இப்போதைய நாடியையும் ஈசிஜியையும் பார்த்த பிறகு டொக்டர் சொல்லட்டும்.

ஆக, இதய டொக்டரிடம் கொடுத்திருக்கும் திகதி வரை காத்திருக்காதீர்கள். நாளைக்கே லீவு போட்டு, கிளினிக் கொப்பியோடு ஆஸ்பத்திரிக்குப் போய், படியில் நடப்பதையும் மாத்திரையை விட்டதையும் அப்படியே சொல்லுங்கள். "ட்ரெட்மில் எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டு வாங்க வேண்டாம். புதிதாக நெஞ்சு இறுக்கம் வந்தவரை எடுத்த எடுப்பில் ஓடவிடலாமா, இதய நாளங்களுக்குள் மருந்து செலுத்திப் படமெடுக்கும் அஞ்சியோகிராமுக்கு நேரே அனுப்புவதா என்பதை உங்களைப் பார்க்கிறவர்தான் முடிவெடுக்க வேண்டும். அதுவரை அந்தப் படியும் வேண்டாம், எடையைக் குறைக்கிறேன் என்று காலையில் மலை ஏறுவதும் வேண்டாம்.

இதே இறுக்கம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது வந்தாலும், பத்து நிமிடத்தில் அடங்காவிட்டாலும், வியர்த்துக் கொட்டினாலும், இரவு இரண்டு மணியானாலும் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. விடியட்டும், முதல் பஸ்ஸில் போகலாம் என்ற யோசனையே கூடாது.

அடைப்பு இருந்து, நாளத்தைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாயான ஸ்டென்ட் வைத்தால் எடை ஒப்பரேஷன் குறைந்தது 6 மாதம் தள்ளிப்போகலாம், மாரடைப்புக்காக வைத்தது என்றால் ஒரு வருடம் வரைக்கும். ஸ்டென்டுக்குள் இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரைகளை இடையில் நிறுத்த முடியாது என்பதுதான் காரணம். தள்ளிப்போவது இல்லாமல் போவதாகாது.

இனி உங்கள் தூக்கத்தைக் கெடுத்த மற்றவை. எக்கோவில் 60 சதவீதம் என்று இருப்பதைப் பார்த்து "மீதி 40 செத்துவிட்டதா" என்று கேட்கிறீர்கள். எந்த இதயமும் தன்னுள் இருக்கும் இரத்தம் முழுவதையும் ஒரே துடிப்பில் வெளியே தள்ளாது. 55க்கு மேல் இருந்தால் நல்ல இதயம். வால்வில் மிகச் சிறிய கசிவு என்பது ஆரோக்கியமானவர்களிடமும் சாதாரணமாகக் காணப்படுவது. "படம் தெளிவில்லை" என்று எழுதியிருப்பது உங்கள் நெஞ்சுச் சுவரின் கொழுப்பைப் பற்றியது, இதயத்தைப் பற்றியதல்ல. விரலால் அழுத்தினால் வலிக்கும் இடப்பக்கக் குத்து, தசை வலி. மலைநாட்டுக் காற்றில் ஒட்சிசன் குறைவு, மயக்கம் தெளியாது என்று சொன்ன உறவினர் அதைக் கொஞ்சம் தன்னோடு வைத்துக்கொள்ளட்டும். நுவரெலியாவே 1,868 மீற்றர்தான், அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்த உயரம் ஒன்றும் செய்யாது.

மயக்க மருந்தில் இதயம் நிற்பது பற்றி: பழகிய கைகளில் இந்த ஒப்பரேஷனில் இறப்பு ஆயிரத்துக்கு ஓரிருவர் அளவுதான். பித்தப்பை எடுக்கும் ஒப்பரேஷனைவிடப் பெரிதாகக் கூடியதல்ல. யூடியூப்பில் செத்தவரின் கதை ஓடும், பிழைத்தவரின் கதையை யார் பார்ப்பார்கள்? மயக்க மருந்து டொக்டருக்குக் கட்டாயம் தெரிய வேண்டியது வேறு. நீங்கள் குறட்டை விடுவதாகவும், நடுவில் மூச்சு நின்று திணறி எழும்புவதாகவும் உங்கள் வீட்டுக்காரர் சொல்கிறாராமே. அது தூக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோயாக இருக்கலாம். நாள்பட்டால் இதயத்தின் வலப்பக்கத்தையும் பாதிக்கும், ஒப்பரேஷன் முடிந்த முதல் இரவில்தான் அதிகம் தொல்லை கொடுக்கும். முன்கூட்டித் தெரிந்தால் முகமூடி மெஷின் வைத்துச் சமாளிக்கலாம். உங்களுக்கு அது தெரியாது, தூங்குகிறவர் நீங்கள். அதனால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

கடைசியாக, பேஸ்புக்கில் வாங்கிக் குடிக்கும் அந்த மெலியும் தேயிலை. தேயிலைக்கு நடுவில் வாழ்கிறவர் காசு கொடுத்து இதை வாங்கலாமா? இப்படிப்பட்ட பொடிகள் பலவற்றில் வயிற்றுப்போக்குச் சரக்குத்தான் இருக்கும். அது உடம்பின் பொட்டாசியத்தை இறக்கி இதயத் துடிப்பின் தாளத்தைக் குழப்பும். சிலவற்றில் பசியை அடக்கும் சிபியூட்ராமின் கலந்திருந்ததை வெளிநாடுகளில் பிடித்திருக்கிறார்கள். இதயத்துக்கு ஆபத்து என்று 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சந்தையிலிருந்து எடுத்த மருந்து அது. இன்றோடு நிறுத்துங்கள். பெட்டியை வீசிவிடாமல் கொண்டுபோய் டொக்டரிடம் காட்டுங்கள், பொட்டாசியம் பார்க்க இரத்தம் எடுப்பார்.