சொந்தமாக ஒரு பிராசஸர்: கேள்வி பதில்

ஆப்பிள் தன் சிப்பைத் தானே வடிவமைக்கிறது என்கிறார்கள். அது ஆர்ம் சிப் என்றும் சொல்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரி. ஆர்ம் என்பது பிராசஸர் வடிவமைப்புகளை மற்ற நிறுவனங்களுக்கு உரிமமாகத் தரும் நிறுவனம். அது இரண்டு விதமாக உரிமம் தருகிறது. ஒன்று, கோர்டெக்ஸ் மாதிரி தயாராக உள்ள கோர், அதாவது கட்டளைகளை இயக்கும் பகுதி. மற்றது, கட்டளைத் தொகுதிக்கு மட்டும் உரிமம்: எந்தக் கட்டளைக்கு என்ன விடை வரவேண்டும் என்பதை ஆர்ம் சொல்லும், உள்ளே எப்படிச் செய்வது என்பது உங்கள் பொறுப்பு. 2012-இல் வந்த ஏ6 முதல் ஆப்பிள் போவது இரண்டாவது வழி.

ஆர்ம் படிக்கலாமா, ரிஸ்க்-ஃபைவ் படிக்கலாமா?

வடிவமைப்பு கற்க ரிஸ்க்-ஃபைவ். அது யாரும் பயன்படுத்தக்கூடிய திறந்த கட்டளைத் தொகுதி. 32 பிட் அடிப்படைத் தொகுதியில் 40 கட்டளைகள்தான். உரிமக் கட்டணம் இல்லை.

இறுதியாண்டு புராஜெக்டுக்கு ரிஸ்க்-ஃபைவ் கோரில் இரண்டு புதுக் கட்டளைகள் சேர்க்கிறோம். காலியாக இருக்கும் எந்த ஆப்கோடையும் (எந்தக் கட்டளை என்று காட்டும் பிட் குறியீடு) எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. காலி இடத்தில் இரண்டு வகை உண்டு. 'கஸ்டம்' என்று குறித்தவை உங்களுக்கானவை: 0001011, 0101011 இரண்டிலும் வருங்காலத் தரநிலை கைவைக்காது. 'ரிசர்வ்டு' என்பது நாளைய தரநிலைக்காகப் பூட்டி வைத்த இடம். அங்கே குடியேறினால் ஒருநாள் காலி செய்யவேண்டி வரும், ஆனால் அச்சிட்ட சிப்பை மாற்ற முடியாது.

அலிபாபாவின் சிப் பிரிவான டீ-ஹெட் செய்த சி906, சி910 கோர்களைப் பாருங்கள். ஒரே கட்டளையில் பல எண்களைக் கையாளும் வெக்டர் விரிவு 0.7.1 என்ற வரைவு நிலையில் இருந்தபோதே அதைச் சிலிக்கானில் ஏற்றினார்கள். 2021-இல் உறுதியான 1.0 அதோடு ஒத்துப்போகவில்லை. ஒரே ஆப்கோடு இடம், வேறு பொருள். 1.0-க்குக் கம்பைல் செய்த வெக்டர் நிரல் அந்தச் சிப்பில் சரியாக ஓடாது. நினைவக முகவரிகளை மாற்றித் தரும் பக்க அட்டவணையில் ரிசர்வ்டு பிட்களையும் எடுத்துக்கொண்டதால் லினக்ஸ் கெர்னலில் தனி ஒட்டு போட வேண்டியிருந்தது. திறமையான பொறியாளர்கள் செய்த வேலை அது. அதனால்தான் மாணவர்களிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

திரும்பத் திரும்ப மாற்றி அமைக்கக்கூடிய எஃப்பிஜிஏ சிப்பில்தானே செய்கிறோம், ரிசர்வ்டு இடம் எடுத்தால் என்ன?

வேண்டாம். கஸ்டம் இடம் போதும்.

ரிஸ்க்-ஃபைவில் 32 பிட் கட்டளைகளோடு இருக்கும் சுருக்கமான 16 பிட் கட்டளைகளைத் தூக்கிவிட்டால் கோர் எளிமையாகுமே?

ஆகும். 2023-இல் சிப் நிறுவனமான குவால்காம் கிளப்பிய வாதமே இதுதான். கடைசி இரண்டு பிட்கள் 11 என்றால் மட்டுமே 32 பிட் கட்டளை. மீதி மூன்று சேர்க்கைகளும் 16 பிட்டுக்குப் போகின்றன. ஆப்கோடு வெளியில் முக்கால் பங்கு! போதாததற்கு, கட்டளை எந்த இரண்டு பைட் எல்லையிலும் தொடங்கலாம். ஒரே சுற்றில் எட்டுக் கட்டளைகளைப் பிரிக்கும் டீகோடருக்கு அது சுமை.

அப்படியானால் குவால்காம் சொன்னது சரிதானே? 64 பிட் ஆர்மில் 16 பிட் கட்டளையே இல்லையே!

64 பிட் ஆர்ம் புதிதாகத் தொடங்கியபோது அந்த முடிவை எடுத்தது. ரிஸ்க்-ஃபைவில் லினக்ஸ் விநியோகங்கள் 16 பிட் கட்டளைகளோடு கம்பைல் ஆகி ஏற்கெனவே வெளியே போய்விட்டன. ரிஸ்க்-ஃபைவ் கோர்கள் செய்யும் சைஃபைவ் நிறுவனம் குவால்காம் யோசனையை எதிர்த்ததில் நியாயம் இருந்தது. வன்பொருள் வாதத்தில் குவால்காம் பக்கம் வலுவானதுதான், ஆனாலும் ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளை உடைக்க எனக்கு மனம் வராது. லினக்ஸ் போன்றவற்றை ஓட்டும் பிராசஸர்களில் என்னென்ன இருக்கவேண்டும் என்று சொல்லும், 2024-இல் உறுதியான ஆர்விஏ23 தரநிலையில் 16 பிட் கட்டாயமாகவே தொடர்கிறது.

16 பிட் இல்லாமல் நாங்கள் செய்தால்?

செய்யலாம். மைக்ரோகண்ட்ரோலர் என்றால் நிரலையும் நீங்களே கம்பைல் செய்வீர்கள். பிறர் கம்பைல் செய்த லினக்ஸ் வேண்டுமென்றால் முடியாது.

வேலைக்கு ஆர்மா, ரிஸ்க்-ஃபைவா?

கற்க எது என்று மேலே சொல்லிவிட்டேன். கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர் தெரிந்தவருக்கு இரண்டுமே வரும்.

என் லேப்டாப் சூடாகிறது, பிராசஸர் மாற்றலாமா?

சர்வீஸ் கடையில் காட்டுங்கள்.

நம் ஊரில் யார் செய்கிறார்கள்?

சென்னை ஐஐடியின் சக்தி. ரிஸ்க்-ஃபைவ் கோர், வன்பொருளை விவரிக்கும் புளூஸ்பெக் மொழியில் எழுதியது, மூல நிரல் திறந்தே இருக்கிறது. இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டரிலும், சண்டிகர் அருகே மொஹாலியில் உள்ள அரசின் சிப் ஆலையான எஸ்சிஎல்-இல் 180 நானோமீட்டரிலும் சிப் ஆகியிருக்கிறது. புராஜெக்டைத் தொடங்கும்முன் அந்த நிரலைப் படியுங்கள்.

எங்கள் கோரில் லினக்ஸ் பூட் ஆகிவிட்டது. தரநிலையோடு முழுதும் ஒத்துப்போகிறது என்று அர்த்தமா?

இல்லை. லினக்ஸ் தொடாத மூலைகள் ஏராளம். ரிஸ்க்-ஃபைவுக்கான மாதிரி மென்பொருளான ஸ்பைக் சிமுலேட்டரையும் உங்கள் கோரையும் ஒரே நிரலில் ஓட்டி, கட்டளை முடிய முடிய ரெஜிஸ்டர்களை ஒப்பிடுங்கள். டிராப் விழும் இடங்களில், அதாவது பிழை போன்றவற்றால் ஓட்டம் திசைமாறும் இடங்களில், கூடுதல் கவனம் வையுங்கள். அறிமுகமில்லாத ஆப்கோடு வந்தால் உங்கள் கோர் பிழை எழுப்புகிறதா, சத்தமில்லாமல் கடந்துபோகிறதா? அதை முதலில் சோதியுங்கள்.