இரண்டாவது பெனால்டி

அன்புள்ள ஐயா,

இது இலக்கியம் பற்றிய கடிதம் அல்ல, மன்னிக்கவும். நாங்கள் நண்பர்கள் சேர்ந்து வார இறுதியில் கால்பந்து ஆடுகிறவர்கள். சென்ற வாரம் இன்னொரு குழுவோடு ஒரு போட்டி. வருவதாகச் சொன்ன நடுவர் வரவில்லை. முழங்கால் வலியால் நான் ஆடாமல் உட்கார்ந்திருந்தேன். “நீதான் சும்மா இருக்கியே” என்று விசிலை என் கையில் திணித்துவிட்டார்கள். இரு தரப்பும் ஒத்துக்கொண்டார்கள்.

முதல் பாதியில் எங்கள் குழுவின் ஆட்டக்காரர் பெனால்டி பகுதிக்குள் விழுந்தார். நான் நடுவட்டத்தின் அருகே நின்றிருந்தேன். பெனால்டி கொடுத்தேன், கோல் ஆனது. இடைவேளையில் எதிரணியினர் என்னைச் சூழ்ந்துகொண்டு கத்தினார்கள். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இரண்டாம் பாதியில் அவர்களுடைய ஆள் ஒருவர் எங்கள் பகுதிக்குள் விழுந்தபோது, அது அதைவிட லேசான மோதல்தான் என்றாலும், அவர்களுக்கும் ஒன்று கொடுத்தேன். ஆட்டம் 1-1. எல்லோரும் கைகுலுக்கிப் பிரிந்தோம்.

ஆனால் தூக்கம் வரவில்லை. ஒருவர் செல்பேசியில் எடுத்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். இணைத்திருக்கிறேன். முதல் பெனால்டி சரிதானா? நடுவர் முழுக்க நடுநிலையாக இருக்க முடியுமா? கத்துகிறவர்களை எப்படிச் சமாளிப்பது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மன்னிப்பெல்லாம் எதற்கு? இளம் வயதில் சில காலம் துணை நடுவராகக் கொடி பிடித்துக் கோட்டோரம் ஓடியவன் நான். இந்தப் பேச்சு எனக்கு எப்போதும் பிடிக்கும். ஆனால் உடனே பதில் எழுதக் காரணம் வேறு. அண்மையில் ஒரு பரிசுத் தேர்வுக் குழுவில் உட்கார நேர்ந்தது. கடைசிச் சுற்றில் இரண்டு நூல்கள். ஒன்று மற்றதைவிட மேலானது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அப்போது ஒருவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “போன தடவை அந்தத் தரப்புக்குக் கொடுத்தாச்சு. இந்தத் தடவை இவங்களுக்குக் கொடுத்துட்டா யாருக்கும் மனக்கசப்பு இருக்காது” என்றார். மேசையைச் சுற்றி எல்லாத் தலைகளும் ஆடின. அன்றைய எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. உங்கள் கடிதம் அதில் எண்ணெய் ஊற்றியிருக்கிறது.

முதலில் சில்லறைக் கேள்விகளைத் தீர்த்துவிடுகிறேன். நடுவர் முழுக்க நடுநிலையாக இருக்க முடியுமா? முடியாது. 2002இல் இங்கிலாந்தில் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஒரே ஆட்டத்தின் காட்சிகளைத் தகுதிபெற்ற நடுவர்களில் ஒரு சாராருக்குக் கூட்டத்தின் இரைச்சலோடும் இன்னொரு சாராருக்கு ஓசையே இல்லாமலும் காட்டினார்கள். இரைச்சலைக் கேட்டபடி பார்த்தவர்கள் சொந்த மைதானத்தில் ஆடிய அணிக்கு எதிராகக் குறைவான ஃபவுல்களே கொடுத்தார்கள். காது இருக்கிறவரை இது இருக்கும்.

கத்துகிறவர்களையா? கேப்டனோடு மட்டும் பேசுங்கள், மற்றவர்களைப் பார்த்துக் கையை நீட்டி ‘தள்ளிப் போ’ என்று காட்டுங்கள். 2024 ஐரோப்பியக் கோப்பையில் கேப்டன் மட்டுமே நடுவரிடம் விளக்கம் கேட்கலாம் என்று கறாராக நடைமுறைப்படுத்தினார்கள். உலகறிந்த ஆட்டக்காரர்களுக்கே அந்தக் கடிவாளம் தேவைப்பட்டது. உங்கள் நண்பர்கள் என்ன அவர்களைவிடச் சாதுவா?

முழங்கால் வலியோடு விசிலை வாங்கியது அசட்டுத்தனம். விசில் பிடிப்பது சும்மா இருக்கிறவன் வேலை என்று உங்கள் நண்பர்கள் நினைக்கிறார்கள். நீங்களும் அதை நம்பியிருக்கிறீர்கள். பந்து பெனால்டி பகுதிக்குள் இருக்கும்போது நடுவர் நடுவட்டத்தில் நிற்கிறார் என்றால் அவர் பார்வையாளர்தான், டிக்கெட் வாங்காத பார்வையாளர். இரண்டு பேர் மோதும்போது அவர்களுக்கு இடையே உள்ள இடைவெளி தெரியும்படி பக்கவாட்டில் வந்து நிற்க வேண்டும். நேர் பின்னாலிருந்து பார்த்தால் முதுகுதான் தெரியும். கால் பந்தைத் தொட்டதா, ஆளைத் தொட்டதா என்பது தெரியவே தெரியாது.

இனி அந்த வீடியோ. நான் அதைத் திறக்கவில்லை. திறக்கப்போவதும் இல்லை. அது கோட்டுக்கு வெளியே சாய்ந்து நின்ற உங்கள் நண்பரின் கண். உங்களுக்கு அந்த நொடியில் அந்தக் கண் இல்லை. ஆட்ட விதிகளில் ஐந்தாவது விதி தெளிவாகச் சொல்கிறது: தவறு என்று தெரியவந்தால் நடுவர் தன் முடிவை மாற்றலாம், ஆனால் ஆட்டம் மறுபடி தொடங்குவதற்கு முன்னால். தொடங்கிவிட்டால் முடிந்தது. இதை நடுவரின் திமிருக்குக் கொடுத்த சலுகை என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. இது இல்லாவிட்டால் எந்த ஆட்டமும் அன்று சாயங்காலத்துக்குள் முடியாது. 2010 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் நெதர்லாந்தின் டி யோங் காலைத் தூக்கி ஸ்பெயினின் அலோன்சோவின் மார்பில் உதைத்தார். நடுவர் ஹோவர்ட் வெப் காட்டியது மஞ்சள் அட்டை, வெறும் எச்சரிக்கை. தன் பார்வை மறைக்கப்பட்டிருந்தது, அது வெளியேற்றும் சிவப்பு அட்டைக்குரியது என்று பின்னால் அவரே சொன்னார். துணை நடுவர்கள், காதுக் கருவி, நல்ல முழங்கால் எல்லாம் இருந்தவர் அவர். ஆகவே, தம்பி என்று உரிமையோடு சொல்கிறேன், உங்கள் முதல் பெனால்டிக்காக நீங்கள் ஒரு மணித்துளித் தூக்கத்தையும் இழக்க வேண்டாம். சரியோ தப்போ, கண்டதாக நினைத்ததைக் கொடுத்தீர்கள். அத்தோடு அது போயிற்று.

ஆனால் அந்த இரண்டாவது பெனால்டி இருக்கிறதே, அதை அவ்வளவு எளிதில் விட மாட்டேன்.

உங்கள் கடிதத்தில் அதற்கு ஒரே ஒரு வாக்கியம். அதிலும் ‘லேசான மோதல்தான் என்றாலும்’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஃபவுல் இல்லை என்று தெரிந்தே ஊதியிருக்கிறீர்கள். முதலாவது கண்ணின் பிழையாக இருக்கலாம். இரண்டாவதில் கண்ணுக்கு எந்தப் பங்கும் இல்லை. அந்த ஆள் விழுவதற்கு முன்பே, இடைவேளையிலேயே, நீங்கள் அந்தப் பெனால்டியைக் கொடுத்துவிட்டீர்கள். யாராவது விழட்டும் என்று காத்திருந்தீர்கள், அவ்வளவுதான்.

இது உங்களுக்கு மட்டும் வந்த நோய் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். 2001இல் இரண்டு ஜெர்மானிய உளவியலாளர்கள் நடுவர்களிடமும் ஆட்டக்காரர்களிடமும் ஆட்டக் காட்சிகளைக் காட்டித் தீர்ப்புக் கேட்டார்கள். ஓர் அணிக்கு ஒரு பெனால்டி கொடுத்தவர்கள் அதே அணிக்கு இன்னொன்று கொடுக்கத் தயங்கினார்கள். எதிரணிக்குக் கொடுக்க அவர்கள் கை எளிதாக நீண்டது. யாரும் அவர்களைச் சூழ்ந்துகொண்டு கத்தவில்லை. இருந்தும் மனம் தானாகவே பற்று வரவு எழுதியது. அறையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கே இப்படி என்றால், பத்துப் பேர் முகத்துக்கு நேரே நின்று கத்திய பிறகு உங்களுக்கு நேர்ந்ததில் வியப்பில்லை. புரிகிறது. ஆனால் அவர்கள் தங்களை அறியாமல் செய்தார்கள். நீங்கள் அறிந்தே செய்தீர்கள்.

நான் கொடி பிடித்த காலத்தில் ஒரு பெரியவரிடம் பழகினேன். விசிலை அவர் வாயில் வைத்தே நான் பார்த்ததில்லை. கறுப்புக் கயிற்றை ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் சுற்றி, விசிலை உள்ளங்கைக்குள் பொத்தி வைத்திருப்பார். “வாயிலயே இருந்தா மூளைக்கு முந்தி மூச்சு போயிடும்டா” என்பார். கை வாய்க்குப் போகிற அந்த அரை நொடியில், அடிபட்டவன் பந்தை விடாமல் ஓடுகிறானா என்று பார்த்துவிடலாம். ஓடினால் இரண்டு கைகளையும் முன்னால் வீசி ஆட்டத்தைத் தொடர விடுவார். சில நொடிகளில் அந்த அனுகூலம் கிடைக்காமல் போனால் திரும்பி வந்து ஃபவுல் கொடுப்பார். விதி அதற்கு இடம் தருகிறது. சட்டைப் பையில் ஒரு சின்ன அட்டை, முனை மழுங்கிய பென்சில். அட்டையில் கோல், நேரம், எச்சரிக்கப்பட்டவரின் எண் மட்டும். யாருக்கு எத்தனை பெனால்டி கொடுத்தோம் என்று எழுத அதில் கட்டமே கிடையாது. (எண்ணோடு அணியின் நிறத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். 2006 உலகக் கோப்பையில் நடுவர் கிரஹாம் போல், குரோஷியாவின் 3ஆம் எண்ணுக்குக் காட்டிய மஞ்சளை ஆஸ்திரேலியாவின் 3ஆம் எண் பேரில் எழுதிவிட்டு, இரண்டாவது மஞ்சளிலேயே வெளியேற வேண்டிய அந்த குரோஷிய ஆளை மூன்றாவது மஞ்சளுக்குத்தான் வெளியேற்றினார்.)

ஓர் ஆட்டத்தில் அவர் கொடுத்த பெனால்டி தப்பு என்று கோட்டோரம் நின்ற எனக்கே பட்டது. இடைவேளையில் எதிரணி கேப்டன் நேரே வந்தார். “சார், நீங்களே சொல்லுங்க, அது பெனால்டியா?” பெரியவர் தண்ணீர் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: “இல்லாமலும் இருக்கலாம். ரெண்டாவது பாதிக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல.” இரண்டாம் பாதியில், உங்களுக்கு வந்ததைப் போலவே, மறுபக்கப் பகுதிக்குள் ஒருவன் விழுந்தான். மைதானமே அவரைப் பார்த்தது. கோல் அடித்திருந்த அணியினர்கூட, ‘சரி, கொடுத்துத் தொலை’ என்கிற முகத்தோடு நின்றார்கள். அவர் பக்கத்திலேயே இருந்தார், ஓடிப்போய்ச் சேர்ந்திருந்தார். விசில் உள்ளங்கையை விட்டு வெளியே வரவில்லை. “எழுந்திரு” என்று கையைக் காட்டிவிட்டு ஓடிவிட்டார். ஆட்டம் முடிந்து அவர் வாங்கிய வசவுகளை இங்கே எழுத முடியாது. போகிற வழியில் நான் கேட்டேன், ஒன்று கொடுத்திருந்தால் எல்லோரும் சமாதானம் ஆகியிருப்பார்களே என்று. “எதுக்கு? அவனை யாரும் தொடலையே” என்றார். அதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை என்பதுபோல அடுத்த வாரம் எந்த மைதானம் என்று கேட்டார்.

விளையாட்டின் பழைய நடுவர் முறையைச் சொன்னால் இது இன்னும் விளங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒவ்வோர் அணியும் தனக்கென்று ஓர் அம்பயரைக் கொண்டுவந்தது. ஆட்டக்காரர்கள் முறையிட்டால் அவர்கள் தீர்ப்புச் சொல்வார்கள். இருவரும் முரண்பட்டால் மட்டுமே வெளியே நிற்கும் நடுவரிடம் போவார்கள். அது பேரத்துக்கு ஏற்ற ஏற்பாடு: உன் ஆள் ஒன்று, என் ஆள் ஒன்று. 1891இல் அதைக் கலைத்தார்கள். நடுவர் கோட்டுக்குள்ளே வந்தார், அம்பயர்கள் கொடியோடு வெளியே போனார்கள். பெனால்டி உதை விதிக்குள் வந்ததும் அதே ஆண்டில்தான். நீங்கள் இடைவேளையில் செய்தது என்ன? கலைத்து அனுப்பிய அந்த இரண்டு அம்பயர்களையும் கூப்பிட்டு உங்கள் மண்டைக்குள் நாற்காலி போட்டு உட்காரவைத்தீர்கள். ஆளுக்கு ஒன்று என்று அவர்கள் பேசி முடித்தார்கள். விசில் மட்டும் உங்களுடையது.

“எல்லோரும் கைகுலுக்கிப் பிரிந்தோம்” என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அந்த எல்லோரில் ஒருவரைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. இரண்டாவது பெனால்டி யார் மேல் கொடுக்கப்பட்டதோ அந்தத் தடுப்பாட்டக்காரர். உங்கள் சொந்த அணிக்காரர். அவர் ஒன்றும் செய்யவில்லை, அது உங்களுக்கும் தெரியும். விசில் கேட்டதும் அவர் திரும்பி உங்களைப் பார்த்திருப்பார். அவருடைய கோலியும் மற்றவர்களும் அவரைப் பார்த்து என்ன சொன்னார்கள்? ‘அந்த இடத்தில் காலை நீட்டலாமா’ என்று ஒருவராவது கேட்டிருப்பார். நண்பர்தானே, பொறுத்துக்கொள்வார் என்று கணக்குப் போட்டீர்கள். எதிரணியினரின் கோபத்துக்குப் பயந்து, வாய் திறக்காதவர் தலையில் அதை இறக்கிவைத்தீர்கள். எங்கள் தேர்வுக் குழுவிலும் இதேதான் நடந்தது. அந்த மேலான நூலை எழுதியவர் அறையில் இல்லை, அதனால் எல்லோருக்கும் மனக்கசப்பில்லாமல் முடிந்தது. நான் எதிர்த்து வாக்களித்தேன், தோற்றேன். அந்த எழுத்தாளருக்கு இது தெரியாது, தெரிய வழியும் இல்லை.

உங்களுக்கு அந்தத் தடை இல்லை. அவர் உங்கள் நண்பர், அடுத்த வாரமும் ஆட வருவார். வீடியோவை அழித்துவிட்டு அவரிடம் போய், “நீ ஒன்னும் செய்யல, எனக்குத் தெரிஞ்சே ஊதினேன்” என்று சொல்லுங்கள். திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள்.

முழங்கால் சரியானால் மறுபடி விசிலைப் பிடியுங்கள். இவ்வளவு கடுமையாகச் சொன்னேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்களுக்கு அது வரும் என்றுதான் தோன்றுகிறது. ஒன்றுமே உறுத்தாதவர்கள்தான் வேண்டாம். ஒரு பயிற்சி வகுப்பில் சேருங்கள், பதினேழு விதிகளையும் ஒருமுறையாவது முழுசாகப் படியுங்கள். உங்களோடு சண்டை போட்டவர்களில் யாரும் படித்திருக்க மாட்டார்கள். உள்ளே ஆடுவது உங்கள் குழுவாக இருந்தால் விசிலை வாங்கவே வாங்காதீர்கள். இதுபோன்ற ஆட்டங்களில் இரு அணியும் கொடி பிடிக்க ஆளுக்கு ஒருவரைத் தருவார்கள். பந்து கோட்டைத் தாண்டியதா என்று மட்டும் அவர்களைக் காட்டச் சொல்லுங்கள். ஆஃப்சைடை, அதாவது பந்து உதைக்கப்படும் நொடியில் ஒருவன் தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டி முன்னால் நிற்கிறானா என்பதை, நீங்களே பாருங்கள். சொந்த அணிக்காரன் கையில் கொடி இருந்தால் எதிரணியின் முன்கள ஆட்டக்காரன் காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பியதிலிருந்தே ஆஃப்சைடுதான்.