சாட்பாட்டைத் தாண்டி ஆளைப் பிடிப்பது எப்படி? கஸ்டமர் கேர் கேள்வி பதில்

நிறுவனங்களின் கஸ்டமர் கேர் பிரிவுகளில் பல வருடம் வேலை பார்த்தவள் நான். வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் இங்கே.

கேள்வி: அக்கா, வாட்ஸ்அப்பில் ஒழுங்காகப் பேசிக்கொண்டிருந்த கம்பெனி, மறுநாளிலிருந்து "தொடர 'ஆம்' என அனுப்பவும்" என்று ஒரே மெசேஜையே அனுப்புகிறதே?

பதில்: அது வாட்ஸ்அப் விதி. நீங்கள் கடைசியாக எழுதியதிலிருந்து 24 மணி நேரம்தான் கம்பெனி சுதந்திரமாகப் பதில் எழுதலாம். அப்புறம், வாட்ஸ்அப்பிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிய மெசேஜ் மட்டும்தான். நீங்கள் பதில் போட்டால் அந்த 24 மணி நேரம் மறுபடி தொடங்கும். 'ஆம்' போட்டதுமே புகார் எண்ணையும் பிரச்சினையையும் ஒரே மெசேஜில் எழுதுங்கள். ஷிஃப்ட் மாறி வருபவருக்குப் பழையதைப் புரட்ட நேரம் இருக்காது.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய மிக்சி உடைந்து வந்தது. சாட்டில் மூன்று வாரமாக "48 மணி நேரத்தில் சரியாகும்" என்கிறார்கள். நேற்று டிக்கெட்டையே (புகார்ப் பதிவையே) மூடிவிட்டார்கள்.

பதில்: பல இடங்களில் எத்தனை டிக்கெட்டை எவ்வளவு சீக்கிரம் மூடினார் என்பதை வைத்துத்தான் ஏஜென்ட்டுக்கு மதிப்பெண். மிக்சி வந்ததா என்பது அந்தக் கணக்கில் வராது. எனக்கு இதில் இன்றும் கோபம் உண்டு.

சாட்டை விடுங்கள். 2020-ம் ஆண்டின் மின்வணிக விதிகள்படி ஒவ்வொரு தளமும் குறைதீர்ப்பு அதிகாரியின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிட வேண்டும். புகார் கிடைத்ததை அவர் 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அவருக்கு மெயில் போடுங்கள்: ஆர்டர் எண், தேதி, உடைந்த ஜாரின் போட்டோ, பணம் வேண்டுமா வேறு மிக்சி வேண்டுமா என்று ஒரே வரி. கதை வேண்டாம். அசையவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்யுங்கள், தமிழிலேயே பேசலாம். அதற்கும் மசியாவிட்டால் நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது.

கேள்வி: சாட்பாட் (சாட்டில் தானாகப் பதில் சொல்லும் மென்பொருள்) சொன்னதை நம்பிப் பயண டிக்கெட் எடுத்தேன். இப்போது "அது தவறான தகவல்" என்று கைவிரிக்கிறார்கள்.

பதில்: ஸ்கிரீன்ஷாட் இருக்கிறதா? கனடாவில் ஏர் கனடா மீது இப்படியே ஒரு பயணி வழக்குப் போட்டார். பாட்டி இறந்ததால் கிடைக்கும் கட்டணச் சலுகையைப் பயணத்துக்குப் பிறகும் கேட்கலாம் என்று பாட் சொல்லியிருந்தது. பாட் செய்ததற்குத் தாங்கள் பொறுப்பல்ல என்று விமான நிறுவனம் வாதாடிப் பார்த்தது. 2024 பிப்ரவரியில் தீர்ப்பாயம் அதை ஏற்காமல் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அவர் ஸ்கிரீன்ஷாட் வைத்திருந்தார். அந்தத் தீர்ப்பு நம் ஊரைக் கட்டுப்படுத்தாது, ஆனால் நியாயம் அதேதான்.

கேள்வி: யுபிஐயில் அனுப்பிய பணம் தம்பிக்குப் போய்ச் சேரவில்லை. எக்ஸ் தளத்தில் வங்கியைத் திட்டி எழுதட்டுமா?

பதில்: எழுதலாம், போன் நம்பரை மட்டும் போடாதீர்கள். வங்கிப் பெயரில் போலிக் கணக்கு வைத்திருப்பவர்கள் அங்கேதான் காத்திருக்கிறார்கள். லிங்க் அனுப்புவார்கள், செயலி இறக்கச் சொல்வார்கள். ரிசர்வ் வங்கியின் 2019 விதிப்படி அந்தப் பணம் அடுத்த நாளுக்குள் திரும்ப வேண்டும், தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு வங்கி தர வேண்டும். எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் ஆன்லைனிலேயே இலவசமாக முறையிடலாம். யாரிடமாவது ஏற்கெனவே ஓடிபி சொல்லியிருந்தால் இதையெல்லாம் அப்புறம் பாருங்கள், முதலில் வங்கிக்குச் சொல்லிவிட்டு, சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.