மாங்காய் வெம்பிப் பழுப்பது ஏன்?

கேள்வி: என் மாந்தோப்பில் இந்த முறை பூ இரண்டு தடவையாக வந்தது. காயை ஒரே நாளில் மொத்தமாகப் பறித்து, காயைப் பழுக்கவைக்கும் எத்திலீன் வாயு அறையில் 24 மணி நேரம் வைத்து எடுத்தேன். பாதிப் பழம் அருமையாக இருக்கிறது. மீதி தோல் சுருங்கி, மஞ்சளாகியும் புளிக்கிறது, வாசனையே இல்லை. எத்திலீனை இன்னொரு நாள் கூட்டி வைத்தால் சரியாகுமா?

பதில்: வணக்கம். ஆகாது. இன்னொரு நாள் வைத்தால் சுருக்கம்தான் கூடும். பூ இரண்டு தடவை வந்திருக்கிறது, பறிப்பு ஒரே தடவை நடந்திருக்கிறது. குறை அங்கேதான். பிந்திய பூவில் பிடித்த காய் முற்றுவதற்கு முன்பே கூடைக்கு வந்துவிட்டது.

மரத்தில் இருக்கும்வரை இலை அனுப்பும் சர்க்கரையைக் காய் வாங்கி மாவுச்சத்தாகச் சேர்த்து வைக்கிறது. பறித்த பிறகு அந்த மாவுச்சத்துதான் கரைந்து இனிப்பாகிறது. காம்பு அறுந்ததோடு வரவு நின்றுபோகும். உள்ளே இருப்பு எவ்வளவோ, இனிப்பும் அவ்வளவுதான். எத்திலீன் செய்வது பழுக்கும் வேலையைத் தொடக்கிவைப்பது மட்டுமே. அதனால் பிஞ்சில் பறித்த காயிலும் தோல் மஞ்சளாகலாம், சதை இளகலாம். ஆனால் புளிப்பை அமுக்கும் அளவுக்கு இனிப்பு சேராது, மணமும் கூடிவராது. இளங்காயின் தோலில் மெழுகுப் பூச்சும் சரியாகப் படிந்திருக்காது. ஈரம் சீக்கிரம் வெளியேறித் தோல் சுருங்குகிறது. நம்மவர்கள் 'வெம்பல்' என்று சொல்வது இதைத்தான்.

முற்றிய காயை எப்படிக் கண்டுபிடிப்பது? பருமனை நம்பாதீர்கள். பெரிய காய் இளசாக இருக்கலாம், சின்னது முற்றியிருக்கலாம். காம்புப் பக்கம் கவனியுங்கள். இளங்காயில் காம்புக்கு இரு பக்கமும் உள்ள தோள் சரிந்து, காம்பு மேட்டில் நிற்பதுபோல் இருக்கும். முற்ற முற்ற இரண்டு தோளும் திரண்டு எழும்பும். பல ரகங்களில் காம்பு சிறு குழிக்குள் இறங்கிவிடும். கன்னமும் நிரம்பிக் கெட்டியாகும். இதோடு விட்டுவிடாமல், மரத்துக்கு ஒன்றாக நாலைந்து காயை வெட்டிப் பாருங்கள். இந்தச் சோதனையைத்தான் நான் கடைசியாக நம்புவேன். இளங்காயில் கத்தி கொட்டையோடு சேர்த்து அறுத்துக்கொண்டு போகும், சதை முழுக்க வெளுப்பு. முற்றிய காயில் கத்தி கொட்டையின் ஓட்டில் தட்டி நிற்கும். ஓட்டை ஒட்டிய சதையில் மஞ்சள் ஏறத் தொடங்கியிருக்கும். அந்த மஞ்சள் தெரிந்தால் தயங்காமல் பறிக்கலாம்.

தண்ணீரில் போட்டுப் பார்க்கும் முறையும் உண்டு. மாவுச்சத்து நிறைந்த காய் மூழ்கும், இளங்காய் மிதக்கும். இன்னும் கறாராகப் பார்க்க, 10 லிட்டர் தண்ணீரில் 250 கிராம் உப்பைக் கரைத்து அதில் போடலாம். ரகத்துக்கு ரகம் இது மாறும். ஆகவே மூழ்கியதில் ஒன்று, மிதந்ததில் ஒன்று வெட்டிப் பார்த்து உங்கள் ரகத்துக்கு இது ஒத்துவருகிறதா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். இனிப்பை அளக்கும் பிரிக்ஸ் மானியைப் பச்சைக் காயில் வைத்து ஏமாறாதீர்கள்; மாவுச்சத்து இன்னும் சர்க்கரையாகாத நிலையில் நல்ல காய்கூடக் குறைவாகத்தான் காட்டும்.

அதற்காக மரத்திலேயே விட்டுவைப்பதும் தவறு. மிஞ்சி முற்றிய காய் பறித்த வேகத்தில் பழுத்து, நாலு நாள் தாங்காது. சில ரகங்களில் கொட்டையைச் சுற்றிய சதை கூழாகிவிடும். பழ ஈயும் முட்டை வைக்கும்.

எத்திலீன் அறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 20 முதல் 22 டிகிரி வெப்பம், 90 விழுக்காட்டுக்குக் குறையாத ஈரப்பதம் இருக்கட்டும். அவ்வப்போது கதவைத் திறந்து கரியமில வாயுவை வெளியேற்றுங்கள். 30 டிகிரிக்கு மேல் போனால் உள்ளே கனிந்தும் தோலில் பச்சை திட்டுத்திட்டாக நிற்கும். பாதிப் பழம் நன்றாக வந்திருப்பதால் உங்கள் அறையில் பெரிய குறை இருப்பதாக நான் நினைக்கவில்லை. கார்பைடு கல்லை மட்டும் யார் சொன்னாலும் தொடாதீர்கள். அதில் கலந்திருக்கும் ஆர்சனிக், பாஸ்பரஸ் கசடுகள் உண்பவர் உடம்புக்குக் கேடு. அதுவும் தோலுக்கு நிறம் கொடுக்குமே தவிர, இல்லாத இனிப்பைக் கொண்டுவராது.

மாங்காய்க்குப் பறித்த பிறகு பழுக்கும் வசதியாவது இருக்கிறது. வாழை, பப்பாளி, சப்போட்டாவும் அப்படித்தான். ஆரஞ்சு, திராட்சை, அன்னாசியில் அதுகூடக் கிடையாது. பறித்த நிமிடத்தில் என்ன இனிப்போ அதுவே கடைசி.

இப்போது கையில் இருக்கும் சுருங்கிய பழத்தை நல்ல பழத்தோடு கலக்காதீர்கள். புளிப்பு தேவைப்படும் பதப்படுத்தலுக்கு அதைத் தனியாகத் தள்ளிவிடுங்கள். அடுத்த பருவத்தில், முதல் பூவின் காய் கோலிக்குண்டு அளவு வந்ததும் அந்தக் கிளைகளில் ஒரு நிற நாடா கட்டுங்கள். இரண்டாம் பூவின் காய்க்கு வேறு நிறம். தேதியையும் எழுதி வையுங்கள். பறிக்கும் ஆட்கள் மேலே பார்த்ததும் எந்தக் கிளையை விட வேண்டும் என்று புரிந்துகொள்வார்கள். இரண்டு பூவுக்கும் இடையில் எத்தனை நாளோ, ஏறக்குறைய அத்தனை நாள் கழித்து இரண்டாம் பறிப்பு. அன்றைக்கும் முதலில் நாலு காயை வெட்டிப் பார்த்துவிட்டே கூடையை எடுங்கள்.