பலாலியில் ஏன் விமான நிலையம்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானத்தில் சென்றோம். பலாலியில் இறங்கிய பிறகு நகரத்துக்குள் போகவே அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. வடக்குக் கரையோரம் ஒதுங்கிக் கிடக்கும் அந்த இடத்தை விமான நிலையத்துக்கென்று தேர்ந்தெடுத்தது யார்?
– வாசகி, திருச்சிராப்பள்ளி

பதில்: பயணிகளை மனத்தில் கொண்டு அந்த இடத்தை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டிஷ் வான்படை அமைத்த தளம் அது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்து, மார்ச்சில் அந்தமான் ஜப்பானியர் கைக்குப் போய், ஏப்ரல் 5 அன்று கொழும்பும் 9 அன்று திருகோணமலையும் குண்டுவீச்சுக்கு உள்ளானதும், இந்தியப் பெருங்கடலைக் காக்க பிரிட்டனுக்கு இலங்கையை விட்டால் வேறு வலுவான இடம் இல்லை என்றாயிற்று. கட்டுநாயக்கா, மின்னேரியா, வவுனியா என்று தீவெங்கும் தளங்கள் எழுந்த அந்த வரிசையில், பலாலி அமைந்திருக்கும் வலிகாமத்துச் செம்மண் பூமியும் சேர்ந்தது. அடியில் சுண்ணாம்புக்கல், மேலே மேடு பள்ளமில்லாத சமநிலம், எட்டும் தூரத்தில் கடல். ரோந்து விமானங்களுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? போரின் கடைசிக் கட்டத்தில் நான்கு எஞ்சின் கொண்ட லிபரேட்டர் விமானங்கள் இங்கிருந்து பறந்தன. அவற்றின் எடையைத் தாங்கிய ஓடுபாதைக்குப் பயணிகள் விமானம் ஒரு பொருட்டே அல்ல.

அந்த வாய்ப்பை இலங்கையின் விமான நிறுவனமான ஏர் சிலோன் உடனே பயன்படுத்திக்கொண்டது. 1947 டிசம்பர் 10 அன்று இரத்மலானையிலிருந்து புறப்பட்ட அதன் முதல் விமானம், காங்கேசன்துறை என்று அப்போது குறிக்கப்பட்ட இதே தளத்தில் இறங்கிவிட்டுத்தான் சென்னைக்குச் சென்றது. சீதாதேவி என்று பெயரிடப்பட்ட அந்த டக்கோட்டா, போரில் படைகளைச் சுமந்த அதே வகை விமானம். வால்பக்கச் சக்கரம் சிறியது என்பதால் தரையில் நிற்கும்போது மூக்கை நிமிர்த்திக்கொண்டு நிற்கும். பின்கதவு வழியே ஏறும் பயணி, கோயில் படி ஏறுவதுபோல முன்னால் சாய்ந்து நடந்துதான் தன் இருக்கையை அடைய வேண்டும். உங்கள் திருச்சிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே பின்னாளில் ஏர் சிலோன் விமானங்கள் ஓடியதை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள் உங்கள் ஊரிலேயே இருக்கக்கூடும்.

படைத்தளம் விமான நிலையமான கதை பெரும்பாலும் இங்கே முடிந்துவிடும். பலாலியிலோ அது திரும்பி நடந்தது. உள்நாட்டுப் போர் மூண்டதும் அது மறுபடியும் படைத்தளமாயிற்று. 1987 ஜூலை 30 அன்று இந்திய அமைதிப்படை வந்திறங்கியதும் அங்கேதான். 1990இல் சுற்றுவட்டாரக் கிராம மக்கள் வீடு வாசலையும் தோட்ட நிலங்களையும் விட்டு வெளியேற நேர்ந்தது. உயர் பாதுகாப்பு வலயம் என்ற பெயரில் வேலிக்குள் போன அந்தக் காணிகளில் ஒரு பகுதியே, அதுவும் சிறுகச் சிறுக, உரியவர்களிடம் திரும்பியிருக்கிறது. 2019 அக்டோபர் 17 அன்று யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டு, சென்னையிலிருந்து ஏறத்தாழ எழுபது பேர் அமரும் ஏடிஆர் விமானம் வந்தது. அடுத்த ஆண்டே கொரோனாவால் நின்றுபோன சேவை, 2022 டிசம்பரில்தான் மீண்டும் தொடங்கியது. ஓடுபாதையை நீட்ட வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் அங்கே காணிக் கேள்வியும் கூடவே எழுகிறது. அந்த மக்களின் அச்சத்தை வளர்ச்சிக்கு எதிரானது என்று ஒதுக்குவது நியாயமாக எனக்குப் படவில்லை.

கேள்வி: எங்கள் பக்கத்திலுள்ள செட்டிநாடு ஓடுபாதையும் போர்க்காலத்தில் போடப்பட்டதுதானே? அது மட்டும் ஏன் விமான நிலையமாகவில்லை?
– வாசகர், காரைக்குடி

பதில்: ஓடுபாதை இருந்தால் போதாது, அதைக் கேட்டு வாங்கி நடத்த ஆள் வேண்டும், ஏறுவதற்குப் பயணி வேண்டும். அமெரிக்காவில் 1944ஆம் ஆண்டின் உபரிச் சொத்துச் சட்டத்தின்படி, பொதுப் பயன்பாட்டு விமான நிலையமாகவே வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு ஐந்நூறுக்கும் மேற்பட்ட படைத்தளங்கள் உள்ளூர் நிர்வாகங்களிடம் ஒப்படைக்கப்பட்டன. அங்குள்ள சிற்றூர் விமான நிலையங்கள் பலவற்றின் பூர்வீகம் அதுதான். நம் நகராட்சிகளிடம் அப்படி எதுவும் வந்து சேரவில்லை.

1942இல் பிரிட்டிஷ் வான்படை பயன்படுத்திய மதுரைத் தளத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பெருநகரம் இருந்தது, அதனால் அது பிழைத்தது. சூலூரும் தஞ்சாவூரும் பின்னாளில் இந்திய விமானப்படையின் தளங்களாயின. உங்கள் செட்டிநாடு, உளுந்தூர்பேட்டை, கயத்தாறு மூன்றுக்கும் அந்த இரண்டு யோகமும் வாய்க்கவில்லை. சென்னைக்கு வடக்கே இருக்கும் சோழவரத்துக்கு வாய்த்தது வேறு: போர் விமானத்துக்காகப் போட்ட அந்தப் பாதையில் மோட்டார் பந்தயக் கார்களும் பைக்குகளும் பல ஆண்டுகள் சீறிப் பாய்ந்தன. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத் தடம் வந்ததும், கூட்டம் அங்கே போய்விட்டது.