தூத்துக்குடி தெர்மல்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

தூத்துக்குடி அனல் மின்நிலையத்தைப் பற்றி வந்த கேள்விகளுக்கு, பாய்லர் பக்கம் ஷிப்ட் பார்த்தவன் என்ற முறையில் என் பதில்கள்.

சார், கரிச் சுரங்கமே இல்லாத ஊரில் எதற்கு இவ்வளவு பெரிய நிலையம்?

கரி இல்லை, கடல் இருக்கிறதே! ஒடிசாவின் தால்ச்சர் பகுதிக் கரி ரயிலில் பாரதீப் துறைமுகம் போய், கப்பலேறி வ.உ.சி. துறைமுகத்துக்கு வருகிறது. ஜெட்டியிலிருந்து கன்வேயர் பெல்ட்டில் யார்டுக்கு. நீராவியைக் குளிர்விப்பதும் கடல்நீர்தான். அதோடு, பாபநாசம் போன்ற நீர்மின் நிலையங்கள் மழையை நம்பி இருப்பவை. தென்மாவட்டங்களுக்கு வருடம் முழுக்க ஓடக்கூடிய ஒன்று பக்கத்திலேயே தேவைப்பட்டது.

எந்தெந்த யூனிட் எப்போது வந்தது?

ஒரு பாய்லர், ஒரு டர்பைன், ஒரு ஜெனரேட்டர் சேர்ந்தது ஒரு யூனிட். மொத்தம் 5, தலா 210 மெகாவாட். முதல் மூன்றும் 1979, 1980, 1982. அப்புறம் நீண்ட இடைவெளி. ஐந்தாவது 1991இல் வந்தது, நான்காவது 1992இல்! எண் வரிசையை நம்பி விடை எழுதினால் மார்க் போய்விடும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு கரி எரியும், அண்ணாச்சி?

ஐந்தும் முழு லோடில் ஓடினால் நாளுக்கு 2.52 கோடி யூனிட் மின்சாரம் (இது மீட்டரில் பார்க்கும் யூனிட்). நம் நாட்டுக் கரியில் யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் என்று வைத்தால், 17,000 டன்னைத் தாண்டும். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பலாகவே மிஞ்சும். உலர்சாம்பல் சிமெண்டுக்குப் போகிறது, மீதி தண்ணீரோடு சாம்பல் குளத்துக்கு.

மழைக்காலம்தான் எங்களுக்குச் சோதனை. ஈரக் கரி பங்கரில் (பாய்லருக்குப் போகும் கரியை வைத்திருக்கும் பெரிய தொட்டி) அப்பிக்கொண்டு கீழே இறங்காது. சம்மட்டியால் வெளிச்சுவரைத் தட்டிப் பார்ப்போம். ‘டங்’ என்றால் காலி, ‘தொப்’ என்றால் உள்ளே ஒட்டியிருக்கிறது. அதை இறக்குவதற்குள் ஷிப்ட் முடிந்துவிடும்.

கயத்தாறு, முப்பந்தல் பக்கம் அத்தனை காற்றாலை சுற்றுகிறது. தெர்மலை நிறுத்திவிட்டால் என்ன?

ஆடிக்காற்றில் இந்தக் கேள்வி நியாயமானதுதான். ஆனால் இது ஃபேன் சுவிட்ச் இல்லை. ஆறிப்போன பாய்லரை முதலில் எண்ணெய் பர்னரில் பற்றவைக்க வேண்டும். தண்ணீரும் நீராவியும் பிரியும் ‘டிரம்’ என்ற உருளையின் தடித்த சுவர் மெதுவாகத்தான் சூடாகலாம், அவசரப்பட்டால் விரிசல் விடும். பிறகு டர்பைனை நிமிடத்துக்கு 3000 சுற்றுக்குக் கொண்டுவந்து கிரிட்டோடு, அதாவது மின்தொகுப்போடு, சேர்க்க வேண்டும். எல்லாமாகப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஆகிவிடும்.

பகலில் சோலார் இருக்கிறதே என்று நிறுத்தினால், பொழுது சாய்ந்து வீடுகளில் விளக்கு எரியும் நேரத்துக்கு யூனிட் கைக்கு வராது. அதனால் நிறுத்தாமல் லோடைக் குறைத்து ஓட்டுகிறோம். பாதிக்குக் கொஞ்சம் மேல்வரை குறைக்கலாம். அதற்கும் கீழே போனால் சுடர் தள்ளாடும், எண்ணெய் ஊற்றித்தான் தாங்க வேண்டும். இப்படி ஏற்றி இறக்குவதில் குழாய்கள் களைத்துப்போகும். ‘டியூப் லீக்கேஜ்’ என்று நீங்கள் கேள்விப்படுவதில் இதற்கும் பங்குண்டு. என்னைக் கேட்டால், காற்று வீசும் மாதங்களில் ஒன்றிரண்டு யூனிட்டை வருடாந்திரப் பராமரிப்புக்கு எடுத்துவிடுவதே புத்திசாலித்தனம்.

ஒரு யூனிட் டிரிப் ஆகித் திடீரென்று நின்றால் எங்கள் தெருவில் கரண்ட் போகுமா?

பெரும்பாலும் போகாது. 2013 டிசம்பர் 31இல் ராய்ச்சூர்–சோலாப்பூர் லைன் வழியே தென்னக கிரிட் நாட்டின் மற்ற பகுதியோடு இணைந்துவிட்டது. 210 மெகாவாட் திடீரென்று விழுந்தாலும் கிரிட்டின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண் லேசாக அசைந்து நிமிரும். உங்கள் தெருவில் போனால் பக்கத்து டிரான்ஸ்ஃபார்மரைப் பாருங்கள்.

1000 மெகாவாட் என்றும் ஒரு தூத்துக்குடி நிலையம் சொல்கிறார்களே?

அது வேறு. என்.எல்.சி.யும் தமிழ்நாட்டு மின் நிறுவனமும் சேர்ந்து நடத்துவது, 500 மெகாவாட் யூனிட் இரண்டு. 2015இல் ஓட ஆரம்பித்தது.

கன்ட்ரோல் ரூமுக்குள் நுழைந்ததும் முதலில் எதைப் பார்ப்பீர்கள், சார்? மெக்கானிக்கல் படிக்கிறேன்.

டிரம் லெவல், அம்மா. நீர்மட்டம் இறங்கினால் குழாய் வெந்துபோகும், ஏறினால் தண்ணீர் டர்பைனுக்குள் போய்விடும். பேக்கைக் கீழே வைப்பதற்கு முன்பே கண் அந்த முள்ளுக்குத்தான் போகும்.