பதில்: மீன் எடை பில் ஒவ்வொன்றுக்கும் பிரிண்ட் பெட்டி வருகிறது

பாம்பனில் வள்ளம் கரை சேர்ந்து எடை போடும் நேரத்தில், பிரவுசரில் ஓடும் உங்கள் பில் பக்கம் ஒவ்வொரு பில்லுக்கும் பிரிண்ட் பெட்டியைத் (எந்தப் பிரிண்டர் என்று கேட்கும் ஜன்னல்) திறப்பதால் வியாபாரிகள் காத்து நிற்கிறார்கள், அது வராமல் நேராக அடிக்க முடியுமா என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் எழுதிய புரோகிராமில் தப்பில்லை. வெறும் ஜாவாஸ்கிரிப்ட்டால் அந்தப் பெட்டியைத் தாண்ட முடியாது, பிரவுசர் வேண்டுமென்றே விடாது. பிரிண்ட்.ஜேஎஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியைப் போட்டாலும் அதே பெட்டிதான். பழைய ஜாவா ஆப்லெட் (பக்கத்துக்குள் ஓடும் சிறு ஜாவா நிரல்) வழியைக் குரோம் 2015-லேயே மூடிவிட்டது.

ஒரே கணினி, ஒரே பிரிண்டர் என்றால் செலவில்லாத வழி இருக்கிறது. குரோம் ஷார்ட்கட்டின் பிராப்பர்ட்டீஸில் உள்ள டார்கெட் வரிக் கடைசியில் ஓர் இடம் விட்டு, '--kiosk-printing' (கியோஸ்க்-பிரிண்டிங், முன்னால் இரண்டு ஹைஃபன்) என்று சேருங்கள். திறந்திருக்கும் குரோம் அத்தனையையும் மூடிவிட்டு அந்த ஷார்ட்கட்டில் திறக்க வேண்டும் (இது தெரியாமல் நான் அரைநாள் தொலைத்தேன்). அதற்கு முன் தெர்மல் பிரிண்டரை (சூட்டில் அடிக்கும் பில் பிரிண்டர்) டீஃபால்ட் ஆக்கி, ஒருமுறை சாதாரணமாக அடித்துவிடுங்கள். பக்கத்தின் வடிவத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில் தாள் அகலம் 80 மி.மீ., மார்ஜின் 0.

எடை பில் ஒரு பிரிண்டருக்கு, ஐஸ் சீட்டு இன்னொன்றுக்கு என்றால் கியூஇசட் ட்ரே பாருங்கள். பிளக்-இன் அல்ல, கணினியில் தனியாக ஓடும் நிரல், உங்கள் பில் பக்கம் வெப்சாக்கெட் (திறந்தே இருக்கும் இணைப்பு) வழியாக அதோடு பேசும். பிரிண்ட் கோரிக்கையோடு டிஜிட்டல் சான்றிதழ் கையொப்பம் சேர்க்காவிட்டால் அதுவும் அனுமதி கேட்டு நச்சரிக்கும்.

அப்புறம், 'கணவாய்', 'நண்டு' என்று தமிழில் வர வேண்டுமா? நேரடி எழுத்தாக அனுப்பினால் பெரும்பாலான தெர்மல் பிரிண்டர்களில் குப்பைதான் விழும். பில்லைப் படமாக மாற்றி அனுப்புங்கள்.